இடது பக்கத்துப் புள்ளி

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வயது முப்பத்தைந்து. மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு ஒன்றரை. கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்த என் உம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கிய வருடம், பதினொரு வருட வேலையை நானாகவே விட்டேன். விட்டது சரிதானா என்று இன்றைக்கும் ஒரு நாளில் இரண்டு தடவையாவது யோசிக்கிறேன். அது என் சுபாவம். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சை நிலையத்தில் இப்போது வேலை செய்கிற ஒரு தங்கச்சி போனில் செய்தி அனுப்பியிருந்தாள். புதிய மெசின் வரப்போகிறதாம். நோயாளி கட்டிலில் படுத்திருக்கும்போதே அது உள்ளே படம் எடுத்து, அன்றைய உடம்புக்கு ஏற்றபடி கதிர் போகும் பாதையை அங்கேயே திருத்திக்கொள்ளுமாம். "அக்கா, அந்தக் காலத்தில நீங்க எப்பிடிச் செஞ்சீங்க? எழுதித் தாங்களேன்" என்று கேட்டிருந்தாள். அந்தக் காலம் என்பது ஆறு வருடத்துக்கு முந்திய காலம். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதக் கேட்டால் மறுக்க எனக்குத் தெரியாது.

புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் வீதியில், உடப்புக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் தெற்கே, தென்னந்தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் நிலையம். யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஓர் அறக்கட்டளை அதைக் கட்டியது. ஒரே ஒரு மெசின். அதைச் சுற்றி ஒன்றரை ஆள் தடிப்பில் கொங்கிரீட் சுவர். அந்த அறையை எங்கள் தொழிலில் பங்கர் என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் படித்துவிட்டு வந்த புதிதில் நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்களை இப்ப பங்கருக்குள்ள கூட்டிப் போவம்" என்று நான் சொன்னதும் யுத்தக் காலத்தில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து, பிறகு முல்லைத்தீவிலிருந்து உடப்புக்கு மருமகளாக வந்த ஒரு பெண் எழுந்து வாசல் வரை போய்விட்டாள். அன்றே எங்கள் தலைவர் பெர்னாண்டோ சேர் அந்தச் சொல்லை நிலையத்தில் தடை செய்தார். அதன் பிறகு அது "உள்ளறை" ஆனது.

பெர்னாண்டோ சேர் சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களமும் கடற்கரையில் தமிழும் பேசி வளர்ந்தவர். காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். வெளியே முப்பது பேர் காத்திருந்தாலும் அவர் நேரம் பார்ப்பதை நாங்கள் கண்டதில்லை. பாராட்டவும் மாட்டார், ஏசவும் மாட்டார். நாம் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கட்டிலின் உயரம் சரி என்றால், எப்படித் தெரியும்? இவர் இன்ன ஆள் என்றால், எப்படித் தெரியும்? முதல் வருடம் அந்தக் கேள்வி எனக்குக் கனவிலும் வந்தது.

ஆளைப் பற்றிய கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. நான் சேர்ந்த மூன்றாம் மாதம், வெளியே போய், "நீங்கதானே ஃபாத்திமா ராத்தா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் அக்காவை ராத்தா என்போம். ஓர் அம்மா "ஓம்" என்று எழுந்து வந்தார். கட்டிலில் படுக்க வைத்து, கோப்பிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இவர் ஃபாத்திமா இல்லை, ஃபரீதா. அவரிடம் ஏன் ஓம் என்றீர்கள் என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்க, நான் சொன்ன" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வார்கள். அது மரியாதை. அதன் பிறகு பெயரை நாங்கள் சொல்லிக் கேட்பதில்லை. "உங்கட பேர் என்ன?" என்றுதான் கேட்போம்.

மார்பில் சிறிய கட்டியோடு, ஆரம்ப நிலையில் வருகிற பெண்கள்தான் எங்களிடம் அதிகம். சத்திரசிகிச்சையில் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றியிருப்பார்கள். மிச்சம் ஏதும் இருந்தால் அதை அழிப்பது கதிரின் வேலை. அந்தப் பெண்கள் உள்ளறைக்குள் ஆண்கள் வருவதை விரும்பமாட்டார்கள். ஆகவே பெர்னாண்டோ சேர் ஒரு முறை வகுத்திருந்தார். நானும், உடப்பைச் சேர்ந்த சுகந்தியும் மட்டும் உள்ளே போவோம். சேர் வெளியே திரைகளுக்கு முன்னால் இருப்பார். ஒருத்தி அளவை வாசிக்க, மற்றவள் அதைத் திருப்பிச் சொல்ல, அவர் ஒலிபெருக்கியில் கேட்டு எழுதுவார். எங்கள் கண்கள் காண்பதை அவர் எங்கள் வாயால்தான் அறிந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்க வைப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. நோயாளி சாய்வான பலகையில் மல்லாந்து, கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுப்பார். சுவர்களிலிருந்து மெல்லிய லேசர் கோடுகள் உடம்பில் விழும். அந்தக் கோடுகள் உடம்பிலுள்ள மூன்று புள்ளிகளில் வந்து பொருந்த வேண்டும். நெஞ்செலும்பின் மேல் ஒன்று, இரண்டு விலாப் பக்கமும் ஒவ்வொன்று. முதல் நாள் ஸ்கேன் எடுத்தபோது படுத்திருந்த அதே படுக்கையில் ஒவ்வொரு நாளும் படுக்கிறாரா என்பதற்கு அந்த மூன்றும்தான் சாட்சி. இடது மார்பு என்றால் கீழே இருதயம். சில மில்லிமீற்றருக்கும் பொருள் உண்டு.

உலகம் முழுக்க அந்தப் புள்ளிகளைப் பச்சை குத்தி வைப்பார்கள். எங்களிடம் அது நடக்கவில்லை. முஸ்லிம் பெண்கள் பச்சை குத்த மறுத்தார்கள். உடப்பு இந்துப் பெண்களிடம் பிரச்சினை இருக்கவில்லை, "எங்கட அம்மாவுக்குக் கை முழுக்கப் பச்சை, எனக்கு மூணு புள்ளிதானா?" என்று ஒரு பெண் குறைபட்டதும் உண்டு. மறுத்தவர்களுக்குப் பேனாவால் அடையாளம் இட்டோம். வியர்வையில் இரண்டு நாளில் போய்விடும்.

மருதோன்றி வைக்கலாம் என்று சொன்னது நான்தான். தோலைச் சாயமேற்றும், இரண்டு வாரம் நிற்கும், மார்க்கத்துக்கும் பிழையில்லை. பெர்னாண்டோ சேர் வழமையான கேள்வியைக் கேட்டார். பிறகு தன் முழங்கையில் மூன்று புள்ளி வைக்கச் சொல்லி, பதினைந்து நாள் ஒவ்வொரு காலையும் அளந்து எழுதினார். பதினாறாம் நாள் சம்மதித்தார். நான் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். சோப்புப் போடலாம், தொழுகைக்கு வுளு எடுக்கலாம், குளிக்கலாம், புள்ளி போகாது என்று எழுதினேன். எழுத மறந்தது ஒன்று இருந்தது. அது நஸீரா ராத்தா வரும் வரை எனக்குத் தெரியவில்லை.

நஸீரா ராத்தா குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்தார். நாற்பத்தேழு வயது. கணவரோடு சேர்ந்து வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர். வெயிலில் கறுத்த, வலுவான கைகள். இடது மார்பு. கூடவே மகள் ஜெஸ்மின் வருவாள், பத்தொன்பது வயது, கற்பிட்டிப் பக்கம் கலியாணப் பெண்களுக்கு மருதோன்றி போடுவதில் பேர் எடுத்தவள். ராத்தாவுக்குப் பதினைந்து நாள் சிகிச்சை. தினமும் முழு மார்புக்கும் ஓர் அளவு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல். அந்த இடத்தைச் சுற்றிச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஐந்து சின்ன உலோகக் கிளிப்புகளை விட்டிருந்தார். படத்தில் அவை வெள்ளையாகத் தெரியும். நோன்பு தொடங்குவதற்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்பது ராத்தாவின் ஒரே வேண்டுகோள்.

உள்ளே படம் எடுத்துப் பார்க்கும் வசதி அந்த மெசினிலும் இருந்தது. ஆனால் ஒரு படத்துக்கு ஏழெட்டு நிமிடம் போகும். முதல் மூன்று நாளும் எடுப்போம், பிறகு வாரம் ஒரு முறை, புதன்கிழமையில். மற்ற நாட்களில் புள்ளிகளை நம்பினோம்.

முதல் ஐந்து நாளும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வாரத் திங்கட்கிழமை, அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது, இடது விலாவிலிருந்த புள்ளி செம்மஞ்சளாகப் பளிச்சென்றிருந்தது. மற்ற இரண்டும் மங்கிய கபில நிறம். மருதோன்றி வைத்த முதல் நாள்தான் செம்மஞ்சளாக இருக்கும் என்பது எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று எனக்கு மனம் அங்கே இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல், உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறேன் என்று அப்போது எனக்குப் பேர் விழுந்திருந்தது. வெளியே காத்திருப்பவர்கள் என்னைப் "பார்த்துப் பார்த்து மிஸ்" என்பார்கள். அன்று காலையில்தான் சுகந்தி, "நீ வீட்டுக் கதவையும் மூணு தரம் பூட்டிப் பாக்கிற ஆள்" என்று சிரித்திருந்தாள். இன்றைக்குச் சந்தேகப்படாமல் இருப்போம் என்று நான் முடிவெடுத்த நாள் அது.

"மருதோண்டி நல்லாப் பிடிச்சிருக்கே ராத்தா" என்றேன். அவர் "ஓம்" என்றார்.

லேசர் கோடு இடது புள்ளியில் விழவில்லை. ராத்தாவின் முதுகுக்குக் கீழே கை கொடுத்து உடம்பைக் கொஞ்சம் வலப் பக்கம் உருட்டினேன். மூன்று புள்ளியும் பொருந்தின. உருட்டிய பிறகு கையை எடுத்தபோது உடம்பு தன் பாட்டில் திரும்பப் பார்த்தது. அதை மறுபடி தள்ளி, அசைய வேண்டாம் என்று சொன்னேன். சுகந்தி அளவை வாசித்தாள், நான் திருப்பிச் சொன்னேன். சேர் எழுதினார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை படம் எடுத்தோம். முதல் நாள் ஸ்கேனையும் அன்றைய படத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எலும்புகள் ஒன்றாகத் தெரிய வேண்டும். விலா எலும்புகள் எல்லாம் இரட்டையாகத் தெரிந்தன. உடம்பு நாலு பாகை உருண்டிருந்தது. நான் உள்ளே ஓடிப்போய், இடது புள்ளியை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் வைத்து, ராத்தாவை அவர் உடம்பு விரும்பியபடி படுக்க விட்டேன். மறுபடி படம். இப்போது எலும்புகள் ஒன்றாயின. ஆனால் கிளிப்புகள் பொருந்தவில்லை. கட்டி எடுத்த இடத்தில் எலுமிச்சங்காய் அளவு தேங்கியிருந்த நீர் ஒரு கச்சான் கடலை அளவுக்கு வற்றியிருந்தது. வற்றியதோடு சுற்றியிருந்த தசையும் கிளிப்புகளை இழுத்துக்கொண்டு நகர்ந்திருந்தது. கூடுதல் கதிர் போக வேண்டிய எல்லையைச் சிவப்புக் கோட்டால் வரைந்திருந்தோம். ஐந்தில் இரண்டு கிளிப் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றன.

நீர் வற்றுவது யாருடைய பிழையும் இல்லை. உடம்பு ஆறுகிறது, அவ்வளவுதான். புதிதாக ஸ்கேன் எடுத்துப் புதிய திட்டம் போட வேண்டும். அதையே காரணமாகச் சொல்லி மற்றதை மூடிவிட்டிருக்கலாம். சேர் என் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை எப்படிப் படுத்தா?" என்று கேட்டபோது, "வழமை போல" என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. இடது பக்கம் நின்று கண்டது நான் மட்டும், சுகந்தி மறுபக்கம் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்க ஒருவரும் இல்லை.

புள்ளி புதிதாக இருந்ததைக் கண்டேன், கேட்கவில்லை, உருட்டினேன் என்று சொன்னேன். சேர் கோப்பை என் முன்னால் தள்ளி, அதையே எழுதச் சொன்னார், கண்ட நேரத்தோடு. நான் எழுதி முடித்ததும், "வாரத்துக்கு ஒரு படம் போதும் எண்டது என்ட முடிவு. அதையும் கீழ எழுது" என்றார். அதற்குக் கீழே அவர் கையெழுத்து வைத்தார்.

அன்று சிகிச்சை கொடுக்கவில்லை. புற்றுநோய் வைத்தியர் வியாழக்கிழமைதான் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. நோயாளிகளோடு கதைக்கும்போது மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். வியாழக்கிழமையும் கூப்பிட்டார். நஸீரா ராத்தாவும் ஜெஸ்மினும் எதிர்க் கதிரைகளில் இருந்தார்கள். வைத்தியர் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார்: இரண்டு நாள் படுக்கையில் ஒரு சிறு வித்தியாசம், பாதிப்புக் குறைவு, மார்புக்குள் மாற்றம் இருப்பதால் புதிய திட்டம் போடுவோம். அதை அப்படியே தமிழில் சொன்னால் பொய்யாகாது. ஆனால் பிழை செய்த ஆள் அதில் இல்லை. என் பிழையை நானே சொல்லலாமா என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

"ரெண்டு நாள் உங்களைப் பிழையாப் படுக்க வெச்சிட்டன் ராத்தா. இடது பக்கத்துப் புள்ளி வேற இடத்தில இருந்திருக்கு. அது புதுப் புள்ளி எண்டு திங்கக்கிழமையே நான் கண்ட. உங்களிட்டக் கேக்கல்ல."

ராத்தா பேசுவதற்கு முன் ஜெஸ்மின் பேசினாள். புள்ளியை வைத்தது அவள். ஞாயிற்றுக்கிழமை, தோட்ட வேலை முடிந்து பீர்க்கு நாரால் தேய்த்துக் குளிக்கும்போது அந்த ஒரு புள்ளி அழிந்துவிடும் என்று பட்டதால், குளிப்பதற்கு முன்பே காறை எலும்பிலிருந்து புள்ளி வரை நூல் பிடித்து அளந்து வைத்திருக்கிறாள். குளித்து அது அழிந்த பிறகு அதே நூலால் அளந்து, தன் கூரிய நுனிக் குழாயால், மயிரிழை பிசகாமல் வைத்திருக்கிறாள். அளந்தபோது தாய் நின்றுகொண்டிருந்தார். வைத்தபோது களைத்துப்போய்ப் படுத்திருந்தார், கை கீழே. நிற்கும்போது ஓர் இடத்திலிருக்கும் தோல் படுக்கும்போது அந்த இடத்தில் இருக்காது. நூல் பிசகவில்லை, தோல்தான் நகர்ந்திருந்தது. "உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டுதான் மிஸ்" என்றாள்.

வீட்டில் மருதோன்றி வைக்க வேண்டாம் என்று என் துண்டுப்பிரசுரத்தில் ஒரு வரி இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளை அடையாளத்துக்குத் தேர்ந்தவள் நான். பச்சை குத்தியிருந்தால் இது நடந்திருக்காது. வேறு மை என்றாலும் நடந்திருக்காது.

ராத்தா மகளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்ட இருதயத்தில பட்டதா?"

"ஓரத்தில வழமையா கொஞ்சம் படும். இந்த ரெண்டு நாளும் அதை விடக் கூடப் பட்டிருக்கு."

"எவ்வளவு?"

"எனக்குத் தெரியாது ராத்தா. கணக்குப் பாத்துச் சொல்லுவம்."

அவர் எழுந்து கைப்பையை எடுத்தார். "மூணு புள்ளியப் பாத்துக்கொள்ள ஏலாத இடம். நான் இனி வரல்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஜெஸ்மின் அழுதுகொண்டே பின்னால் போனாள். ஏழு நாள் முடிந்திருந்தது, எட்டு நாள் மிச்சம். பாதியில் விட்டால் என்ன நடக்கக்கூடும் என்பதை அந்த அறையில் இருந்த நாங்கள் அறிவோம்.

வெள்ளிக்கிழமை, கதிரின் பாதையையும் அளவையும் திட்டமிடும் பௌதிகவியலாளர் கணக்கை முடித்துக் கொடுத்தார். ராத்தாவின் வீட்டுக்கு நான் போகலாமா என்று சேரிடம் கேட்டேன். கேட்டதே பிழையோ என்று கேட்ட பிறகு நினைத்தேன். "போ. தனியப் போகாதே, சுகந்தியையும் கூட்டிப் போ. அழுது கூப்பிடாதே. கணக்கைச் சொல்லு" என்றார்.

சனிக்கிழமை பாலாவியில் பஸ் மாறிப் போனோம். உம்மாவுக்குச் சுகமில்லாததால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். குறிஞ்சிப்பிட்டியில் ராத்தா வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழவில்லை. அந்தப் பாத்தி முடியும் வரை வரப்பில் நின்றோம். வெயில் ஏறியது. குழந்தை சிணுங்கியபோது ஜெஸ்மின் வந்து வாங்கிக்கொண்டு நிழலுக்குப் போனாள். அன்று அவளுக்கு எத்தாளையில் ஒரு கலியாண வீடு இருந்ததாம். மருதோன்றிக் குழாயைத் தொட மனமில்லை என்று போகவில்லையாம்.

ராத்தா கை கழுவிவிட்டு வந்து, சொல்லுங்கள் என்பதுபோல நின்றார். நான் தாளை விரித்து, இருதயத்துக்குப் போனது எவ்வளவு, போகலாம் என்று விதித்த உச்சம் எவ்வளவு, மிச்ச எட்டு நாளையும் புதிய திட்டத்தில் கொடுத்தாலும் மொத்தம் அந்த உச்சத்துக்குக் கீழேதான் நிற்கும் என்பதைச் சொன்னேன். கட்டி இருந்த இடத்துக்கு அந்த இரண்டு நாளும் முழு அளவு போயிருக்காது என்பதையும் சொன்னேன். இப்போது நிறுத்தினால் பாதி மருந்தோடு நிற்பது போல, நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும் என்றேன். பயமுறுத்துகிறேனோ என்று நடுவில் தடுமாறினேன். சுகந்தி தாளில் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினாள். தொடர்ந்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் கதிர் விடுவீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா."

"சும்மா ஓம் சொல்லாதீங்க புள்ள. நீங்க மருதோண்டி நல்லாப் பிடிச்சிருக்கெண்டு சொல்லக்குள்ள நானும் ஓம் எண்டுதான் சொன்ன. அந்த ஓம்தான் இவ்வளத்துக்கும் காரணம்."

அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. சுகந்தி என் முழங்கையைக் கிள்ளினாள். "எடுப்பம். எடுக்க ஏலாத நாளில நானே உங்களுக்குக் கதிர் விட மாட்டன், வீட்டுக்கு அனுப்பிடுவன்" என்றேன். அது மட்டும் என் கையில் இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது சுகந்தி, இல்லாத கோழியை விற்றுவிட்டு வருகிறாய் என்று ஏசினாள். திங்கட்கிழமை சேரிடம் சொன்னேன். ஒருத்தருக்குத் தினமும் படம் என்றால் மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்டார். எல்லாருக்கும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். நேரம் எங்கே என்றார். காலையில் ஒரு மணித்தியாலம் முந்தித் தொடங்கலாம், நான் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அதாவது விடியலில் சுபஹு தொழுதுவிட்டு, குழந்தைக்குப் பாலைப் பிழிந்து போத்தலில் வைத்துவிட்டு, அது எழும்புவதற்கு முன் புறப்படுவது. பிள்ளையை விட்டுவிட்டு ஊரார் உடம்பைக் காக்கப் போகிறேனா என்று அதன் பிறகு ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று யோசித்தேன். யோசித்துவிட்டுப் போனேன். சுகந்தியும் வந்தாள், ஏசிக்கொண்டே.

ராத்தா அந்தத் திங்கட்கிழமையே வந்து ஸ்கேன் எடுத்தார். இடையில் விட்ட நாட்களை வைத்தியர் எடை போட்டுப் பார்த்து, எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை என்றார். பௌதிகவியலாளர் புதிய எல்லையை வரைந்து, பாதையைத் திருத்தி, சரிபார்த்து முடிக்க வியாழக்கிழமை ஆனது. புதிய மெசின் சில நிமிடங்களில் செய்யும் என்று தங்கச்சி சொல்கிற அதே வேலைதான். எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. புள்ளிகளைக் கட்டிலில் படுத்தபடியே நாங்கள்தான் வைத்து, மேலே தண்ணீர் படாத ஒட்டுத் தாள் ஒட்டினோம். துண்டுப்பிரசுரத்தில் சேர்த்த வரியை ஜெஸ்மின் சொல்லித் தந்தாள். நான் எழுதிய "வீட்டில் புள்ளி வைக்கத் தடை" என்பதை வாசித்துவிட்டு, இப்படி எழுதினால் பயந்துபோய் அழிந்ததையே மறைப்பார்கள் என்றாள். "புள்ளி அழிஞ்சா ஒண்டுமில்ல, அப்பிடியே வாங்க, நாங்க வெச்சுத் தாறம்" என்று போட்டோம்.

எட்டு நாளும் படம் எடுத்தோம். ஒரு நாள் தோள் இறுகியிருந்ததால் உடம்பு மறுபடி உருண்டிருந்தது. திருத்தி, திரும்பப் படம் எடுத்து, அதற்குப் பிறகே கதிர் விட்டோம். ஒரு நாள் மின்சாரம் போய்ப் படம் எடுக்கும் பகுதி வேலை செய்யவில்லை. வெளியே போய் ராத்தாவிடம் சொன்னேன். அவர் வாங்குப் பலகையில் சாய்ந்து காத்திருந்தார். இரண்டு மணித்தியாலம் கழித்து அது சரிவந்தது. அவரைத்தான் முதலில் எடுத்தோம். அந்த மாதத்துக்குள் இடது மார்பு நோயாளிகள் எல்லாருக்கும் தினப்படம் என்று சேர் விதியை மாற்றினார். வருட முடிவுக்குள் எல்லாருக்கும்.

பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை. அந்த வாரமே நோன்பு. கடைசிப் படத்தில் ஐந்து கிளிப்பும் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தன. கதிர் விட்டு முடிந்ததும் நான் உள்ளே போய் ராத்தா எழும்பக் கை கொடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்காமல் தானே எழுந்து, சட்டையைப் போட்டு, முக்காட்டைச் சரிசெய்தார். நோன்புக்கு முன் ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்கக் கேட்பது எங்களுக்குள் வழக்கம். வழக்கம் என்பதால் கேட்கிறேனா, உண்மையாகவே கேட்கிறேனா என்று எனக்கே தெளிவில்லாமல் அன்று காலை முழுக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். கேட்டேன்.

"மாப்புச் செய்ங்க ராத்தா."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அந்த ரெண்டு நாளைக்கும் மாப்பில்ல புள்ள" என்றார். "மத்தப் பதிமூணு நாளைக்கும் உங்கட பேர் சொல்லி அல்லாஹ்விட்ட துஆக் கேப்பன்."

அது சரியான தீர்ப்பு. கதவு வரை அவரோடு போய், காத்திருந்த அடுத்த பெண்ணிடம், "உங்கட பேர் என்ன?" என்று கேட்டேன்.